ஐந்து மார்க் படம்

எங்கள் நெமிலிச்சேரியில் மார்ச் மாதம் வந்துவிட்டால் தெருவே மனப்பாடம் செய்யும். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒரு பத்தாம் வகுப்பு புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கும். திருவள்ளூர் போகிற லோக்கல் டிரெயின் ஹாரன் அடித்தால் நிறுத்தி, அது போனதும் விட்ட வரியிலிருந்து தொடரும். கீழே துணி காயப்போடுகிற அம்மாவுக்கும் பாதி கெமிஸ்ட்ரி வந்துவிடும்.

அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் தமிழ் மாடல் டெஸ்ட் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அங்கிள், இதுல அஞ்சுக்கு அஞ்சு!" என்றாள்.

வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கும். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக.' ஒரு படம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து எழுத வேண்டும். ஐந்து மார்க்.

அவளுக்கு வந்திருந்த படத்தில் ஒரு மரம். மரத்தடியில் ஒரு பெரியவர், மடக்கிய குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு சைக்கிள். பின் சக்கரத்தில் காற்று இல்லை, டயர் தரையில் நசுங்கியிருக்கிறது. அவள் எழுதியிருந்ததோ மரம் மனிதனுக்கு வரம் என்று ஆரம்பித்து, நிழல், கனி, மழை என்று எதுகை மோனையோடு பத்து வரி. கையெழுத்து முத்து முத்தாக.

"நல்லாருக்கும்மா. அந்தப் பெரியவர் எங்கே?"

"எந்தப் பெரியவர்?" என்றாள்.

நிஜமாகவே கேட்டாள். பேப்பரைத் திருப்பிப் படத்தைப் பார்த்து, "அட, ஆமால்ல!" என்று அவளே சிரித்துவிட்டாள். பிறகு எனக்கு விவரம் சொன்னாள். மரம் வந்தால் மரக் கவிதை. ஏர் வந்தால் உழவர் கவிதை. பெண் குழந்தையோடு வந்தால் அம்மா கவிதை. கைடில் மொத்தம் ஆறு இருக்கிறது. ஆறும் அத்துப்படி.

"இது எதுவுமே இல்லாத படம் வந்தா?"

"மரம் எல்லாப் படத்துலயும் எங்கியாவது ஒரு ஓரத்துல இருக்கும் அங்கிள்."

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. காரணம், நானும் அந்தக் கைடின் மாணவன்தான். பல வருஷத்துக்கு முன்னால் கொல்லிமலை போய்விட்டு வந்து ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். இயற்கை அன்னைக்குப் பச்சைப் பட்டு உடுத்தினேன். மேகத்தைக் கண்ணாமூச்சி ஆட விட்டேன். அருவிக்கு வெள்ளியை உருக்கி ஊற்றினேன். சமீபத்தில் அந்தக் கட்டுரை பழைய பைலில் கிடைத்தது. படித்துப் பார்த்தால், ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு ஏற்காடு என்று போட்டால் ஏற்காட்டுக்கும் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. ஊட்டிக்கும் ஆகும். கொஞ்சம் தைரியம் இருந்தால் சுவிட்சர்லாந்துக்கும்.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு வர்ணனையை எடுங்கள். ஊர்ப் பெயரை மாற்றுங்கள். ஒன்றும் குடிமுழுகவில்லை என்றால் அதை எழுதியவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். பஸ் டிக்கெட் எடுத்துப் போய் வந்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி மோசமான கேள்வி இல்லை. தமிழ் வினாத்தாளிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். ஒரு படத்தைக் கொடுத்து, 'இதில் என்ன இருக்கிறது, உன் வார்த்தையில் சொல்' என்று ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையைக் கேட்பது பெரிய விஷயம். கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அதில் இரண்டு வேலை இருக்கிறது. முதல் வேலை, காட்சியைக் காண்பது. இரண்டாவது, கவினுற எழுதுவது. நாம் முதல் வேலையை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறோம். 'கவினுற' என்ற சொல் பிள்ளைகளை அலங்காரத்துக்கு இழுக்கிறது. திருத்துகிறவரும் அலங்காரத்துக்கு மார்க் போடுகிறார். கட்டுக்கட்டாக விடைத்தாள் முன்னால் இருக்கும்போது ஒவ்வொருத்தரும் சைக்கிள் டயரைப் பார்த்தார்களா என்று அவர் தேடிக்கொண்டிருக்க முடியாது, பாவம். வீட்டிலேயே முதல் தலைமுறையாகப் பத்தாவது எழுதுகிற பிள்ளைக்கு அந்த ஆறு கவிதை ஒரு கைப்பிடி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எப்போது நடப்பது?

போட்டோவிலிருந்து எழுத்துக்கு வருகிற பாதை தமிழில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. போட்டவர் ஏ.கே. செட்டியார். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். 1930-களில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் போய் முறையாகப் போட்டோகிராபி படித்தார். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்தாளர் ஒருவர் கேமரா படிக்கக் கப்பல் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். 1937-ல் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போது, மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காக நாடு நாடாக அலைந்தார். பல வருஷங்களாகப் பலபேர் எடுத்து வைத்திருந்த படச் சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. 1940-ல் தமிழில் படம் வெளியானபோது அதில் இருந்தது சுமார் 12,000 அடி.

கணக்குப் போடுங்கள். நாலில் மூன்று பங்கை வெட்டியிருக்கிறார். உயிரைக் கொடுத்துத் தேடிய சுருள் அது. நம்மால் ஒரு உவமையை வெட்ட முடிகிறதா?

அவருடைய பயண நூல்களைப் படித்தவர்களுக்கு இந்த வெட்டு அவருடைய வாக்கியத்திலும் இருப்பது தெரியும். சின்னச் சின்ன வாக்கியம். 'நான்' அபூர்வமாகத்தான் வருவார். கேமராக்காரர் படத்துக்குள் தெரியக் கூடாது என்கிற பழக்கம் எழுத்துக்கும் வந்துவிட்டது. அழகு என்று அவர் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். என்ன இருந்தது, யார் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அழகா இல்லையா என்பது உங்கள் பாடு. 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-ல் வந்த புத்தகம். அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ பயணக் கட்டுரைகள், என்னுடைய கொல்லிமலை உட்பட, அதைவிடக் கிழடு தட்டிப்போயிருக்கின்றன. அலங்காரம்தான் சீக்கிரம் பழசாகும். பார்த்தது பழசாவதில்லை.

'சரி சார், நாங்களும் போட்டோ எடுக்கத்தானே செய்கிறோம். செல்போனில் ஆறாயிரம் படம் இருக்கு' என்பீர்கள். எடுப்பது வேறு, பார்ப்பது வேறு. அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்கிற உளவியல் பேராசிரியை ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார். ஒரு மியூசியத்தில் மாணவர்களைச் சுற்றவிட்டு, சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார். சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்த பொருள்கள்தான் குறைவாக ஞாபகம் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை லீவு போட்டுவிட்டது! ஆனால் அதே சோதனையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. ஏதோ ஒரு இடத்தில் கண்ணை ஊன்றினால் மற்றதும் தங்கிவிடுகிறது.

கண்ணை எங்கே ஊன்றுவது? இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம்மிடம் தொல்காப்பியம் இருக்கிறது. முதல், கரு, உரி. ஸ்கூலில் நெட்டுருப் போட்டிருப்பீர்கள். ஒரு போட்டோவைப் பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். எந்த இடம், எந்த நேரம். கருப்பொருள் என்றால் அங்கே இருக்கிறவை: உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில், பறை. உரிப்பொருள் என்றால் மனசில் நடப்பது: பிரிவு, காத்திருப்பு, ஊடல். பழைய கவிஞர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் காட்டி மூன்றாவதை நம் மனசில் உண்டாக்கினார்கள். கைடு கவிதை என்ன செய்கிறது? முதலும் இல்லை, கருவும் இல்லை. நேராக உரிப்பொருளை மைக் வைத்து அறிவிக்கிறது.

அந்தப் பெண்ணிடம் என் போனைக் கொடுத்தேன். சி.டி.எச். ரோட்டில், அவுட்டர் ரிங் ரோடு வந்து சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையை எடுத்த படம். நானே எடுத்தது. எடுத்ததோடு மறந்தும் போனது.

"இதைப் பார்த்து எழுது. மரம் கிடையாது."

ஐந்து நிமிஷத்தில் எழுதினாள். 'இது ஒரு அழகான டீக்கடை. இங்கே பல மனிதர்கள் டீ குடிக்கிறார்கள். உழைப்பாளிகளின் களைப்பைப் போக்கும் இடம் இது.'

"மணி என்ன?"

"போட்டோவுல மணி எப்படித் தெரியும்?"

"நிழலைப் பாரு."

நிழல் நீளமாக, ரோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. கடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், தினம் டியூஷனுக்குப் போகிற வழி. கொஞ்சம் யோசித்தாள். "நிழல் ஆவடிப் பக்கம் விழுது. ஆவடி கிழக்கு. அப்ப சூரியன் திருநின்றவூர்ப் பக்கம். சாயங்காலம்!" என்றாள். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயிலில் நிழல் காலுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும் என்பதையும் சொல்லி வைத்தேன். ஆக நிழலை ஒழுங்காகப் பார்த்தால் மணி மட்டுமில்லை, மாதமே தெரியும். சிறுபொழுது, பெரும்பொழுது இரண்டும் தரையில் எழுதியிருக்கிறது.

"சரி, முதல் ஆச்சு. கரு?"

எண்ண ஆரம்பித்தாள். பாய்லர். அதற்குப் பொட்டு வைத்திருக்கிறது. கண்ணாடி ஜாடியில் நாலு பட்டர் பிஸ்கட். தொங்குகிற வாழைத்தாரில் கீழ் வரிசை மட்டும் காலி. ஒரு லாரி, அதன் நம்பர் பிளேட்டில் ஆந்திரா. ஒரு நாய், டீ மாஸ்டரைப் பார்க்காமல் பிஸ்கட் ஜாடியைப் பார்க்கிறது. "அங்கிள், இந்த ஆளைப் பாருங்க" என்று விரலால் படத்தைப் பெரிசு பண்ணினாள். லுங்கி கட்டிய ஒருத்தர் ரெண்டு கையிலும் ரெண்டு டீ கிளாஸ் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஒண்ணு யாருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. படம் எடுத்தவன் நான். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1980-ல் போட்டோகிராபி பற்றி எழுதிய 'கேமரா லூசிடா'வில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். படத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிகிற விஷயம் 'ஸ்டூடியம்'. அதில் திடீரென்று ஒரு சின்னச் சங்கதி நம்மை ஊசி மாதிரிக் குத்தும். அது 'பங்க்டம்'. எடுத்தவர் திட்டமிட்டு வைத்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டாவது டீ கிளாஸ் அப்படித்தான். அவள் மறுபடி எழுதினாள். டீக்கடை என்று ஆரம்பிக்கவில்லை. 'அவர் கையில் ரெண்டு டீ இருக்கிறது. ஒரு டீயில் ஆடை கட்டிவிட்டது' என்று ஆரம்பித்தாள். ஆடை கட்டியது படத்தில் தெரியவில்லை. ஆனால் அந்த அளவுக்குப் பார்த்தவளுக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல உரிமை உண்டு. காத்திருப்பு என்கிற வார்த்தை அவள் எழுதியதில் எங்கேயும் இல்லை. எனக்குள் வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தைப் போட்டோ எடுத்தார். எலும்பும் தோலுமாக மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தால்தான் ஒன்று உறைக்கும். நிற்கக்கூடத் தெம்பில்லாதவர்களை யாரோ வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இவர் இங்கே, அவர் அங்கே என்று உட்கார வைத்திருக்கிறார்கள். அசையாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே இதைக் கண்டித்தவர்கள் உண்டு. இந்தப் படத்தைப் பார்த்து 'விலா எலும்புகள் தெரிந்தன' என்று எழுதினால் அது பாதி உண்மைதான். அந்த எலும்புக்கு எதிரே முக்காலியில் ஒரு கேமரா நின்றது, அதன் பின்னால் சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் நின்றார் என்பதும் அந்தக் காட்சியில் சேர்த்திதான். ஆகவே எந்தப் போட்டோவையும் பார்த்து எழுதும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள். எடுத்தவர் எங்கே நிற்கிறார்? சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

யூடோரா வெல்டி என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1930-களில் அரசாங்க நிவாரணத் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு மிசிசிப்பி மாநிலம் முழுக்கச் சுற்றினார். பஞ்சைப் பராரிகளின் நாடாக அமெரிக்கா இருந்த காலம் அது. கையில் ஒரு கேமரா. எடுத்த படங்களை 1971-ல்தான் புத்தகமாகப் போட்டார். அதற்குள் கதைகளில் பெரிய பெயர் வாங்கிவிட்டார். மனிதர்கள் தங்களை வெளிக்காட்டிக்கொள்கிற ஒரு கணம் இருக்கிறது, அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதைக் கேமராதான் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்பது அவருடைய அனுபவம். செட்டியார் ஒரு மூலை, வெல்டி ஒரு மூலை. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

டீக்கடைப் பாடம் நடந்த ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். "அங்கிள், இல்லாத போட்டோவைப் பார்த்து எழுதலாமா?" என்றாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவர்கள் வீட்டு ஆல்பம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. மூன்று நாள் ஊறிவிட்டது. பழைய போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீரில் ஊறினால் அது ஊதிப் பிசினாகிவிடும். அப்படி நனைந்த படங்களை ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் அலசி, தனித்தனியாக நிழலில் உலர்த்த வேண்டும். இது யாருக்குத் தெரியும்? ஆல்பத்தை அப்படியே மாடியில் வெயிலில் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டன. அதில் ஒன்று அவளுடைய ஆயாவும் தாத்தாவும் கல்யாணமான புதுசில் திருவள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட படம். தாத்தாவுக்கு இருந்த ஒரே படம் அது. அவர் போய் இருபது வருஷமாகிறது.

பார்த்தின் புத்தகத்திலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. செத்துப்போன அம்மாவின் சின்ன வயசுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆனால் அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் போடவில்லை. உங்களுக்கு அது வெறும் இன்னொரு பழைய போட்டோ என்று சொல்லிவிட்டார். செட்டியாரின் காந்தி படத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதி. 1953-ல் ஹாலிவுட்டில் அதற்கு ஒரு ஆங்கில வடிவம் வந்தது. ஆனால் தமிழ்ப் படம் பல காலம் யார் கண்ணிலும் படாமல் போனது. அதை எடுக்க அலைந்த கதையை அவர் எழுதிவைத்தார். அது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பில் இன்றைக்கும் கையில் இருக்கிறது. படம் போன இடத்தில் எழுத்து நிற்கிறது.

"ஆயாகிட்ட கேளு. முதல், கரு ரெண்டையும் மட்டும் கேளு. சோகமா இருந்துதா, சந்தோஷமா இருந்துதான்னு கேக்காதே" என்று அனுப்பினேன்.

ரெண்டு நாள் கேட்டிருக்கிறாள். பிறகு எழுதிக்கொண்டு வந்தது இது:

'பின்னால் சீலையில் ஒரு மாளிகையும் படிக்கட்டும் வரைந்திருக்கிறது. படிக்கட்டு எங்கேயும் போகவில்லை. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆயா நிற்கிறாள். ஆயாவின் கை நாற்காலி மேல் இருக்கிறது, தாத்தா மேல் படவில்லை. தாத்தா இடது கையில் வாட்ச் கட்டியிருக்கிறார். அது ஸ்டூடியோக்காரர் கொடுத்தது. அதில் எப்போதும் பத்து மணிதான். விளக்குச் சூட்டில் ஆயாவின் நெற்றிப் பொட்டு கொஞ்சம் கரைந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் ஆயா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.'

நான் எதையும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர் நான் இல்லை. இருவருமாகப் போய் ஆயாவுக்குப் படித்துக் காட்டினோம். ஆயா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வாட்ச் வந்த இடத்தில் கை நின்றது.

"இடது கையில இல்லடி. சோத்துக் கையில."

"வாட்சை யாராவது வலது கையில கட்டுவாங்களா ஆயா?"

"அவரு இடது கையில சூளை நெருப்பு பட்ட தழும்பு. செங்கல் சூளையில வேலை செஞ்சப்ப பட்டது, முழங்கை வரைக்கும். அது போட்டோவுல விழக்கூடாதுன்னு ஸ்டூடியோக்காரரு அந்தக் கையை மடிச்சுத் துண்டுக்குள்ள வெச்சுக்கச் சொன்னாரு. வெக்கமாப் பூட்ச்சு அவருக்கு. அதான் நான் சிரிப்பை அடக்கிக்கினேன்."

அந்த வீட்டில் யாருக்கும் அந்தத் தழும்பு தெரியாது. மகனுக்கே தெரியாது என்று பிறகு சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படம் வீட்டில் இருந்தது. எல்லாரும் நூறு தடவை பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பெண் இடது என்று தப்பாக எழுதியதால்தான் அது வெளியே வந்தது.

எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. நல்ல வர்ணனைக்கு அடையாளம், அதைப் பார்த்து ஒருவர் 'இல்லை, அப்படி இல்லை' என்று சொல்ல முடிய வேண்டும். இடது என்று எழுதினால்தான் வலது என்று திருத்த ஒருத்தர் வருவார். மரம் மனிதனுக்கு வரம் என்று எழுதினால் அதை யார் மறுப்பது? மறுக்க முடியாத வாக்கியம் என்பதால்தான் அது அஞ்சுக்கு அஞ்சு வாங்குகிறது. அதே காரணத்தால்தான் அது ஒன்றும் சொல்வதில்லை. என் கொல்லிமலைக் கட்டுரையைப் படித்து யாரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. போட என்ன இருந்தது?

வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். ஐந்து மார்க்கில் இரண்டை, படத்தில் உள்ள இரண்டு பொருளைப் பெயர் சொல்லி எழுதுகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். எதுகை மோனைக்கு மிச்சம் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. அடுத்த வருஷமே கைடு போடுகிறவர்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரி வீட்டில் பழைய படம் ஒன்றை எடுங்கள். பத்து வாக்கியம் எழுதுங்கள். அழகு, இனிமை, மகிழ்ச்சி, சோகம் இந்த நாலு வார்த்தையும் வேண்டாம். நிழல் எங்கே விழுகிறது, யார் கை எங்கே இருக்கிறது, யார் எடுத்தது, இதை மட்டும் பாருங்கள். எழுதி முடித்ததும் அந்தப் படத்தில் இருக்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். இப்போதே காட்டுங்கள், அவர் இருக்கும்போதே. 'ஆமாம், நல்லாருக்கு' என்று சொன்னால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. 'இல்லையே' என்று ஆரம்பித்தால் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தப் பெண் இடது என்பதை அடித்துவிட்டு வலது என்று எழுதினாள். துண்டையும் சேர்த்தாள். தழும்பை எழுதவா வேண்டாமா என்று ஆயாவைக் கேட்டாள்.

கீரையை முறத்தில் போட்டுவிட்டு ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுது. இப்ப அவருக்கு என்ன வெக்கம்" என்றார்.